மலை யாருடையது? மெக்டவல் கவுண்டியின் நிலமும் வரலாறும் மக்களும்



அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் மெக்டவல் என்றொரு மலைக் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது அங்கே மாநிலத்துக்கு அடுத்தபடியான நிர்வாகப் பிரிவு. தனக்கென்று நீதிமன்றமும் ஷெரிஃபும் பள்ளி வாரியமும் உடையது. மெக்டவலின் பரப்பு ஏறத்தாழ 1,385 சதுர கிலோமீட்டர். அதன் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து மூன்று எண்களை மட்டும் முதலில் உங்கள் முன் வைக்கிறேன். 1860இல் அங்கே வாழ்ந்தவர்கள் 1,535 பேர். 1950இல் 98,887 பேர். 2020இல் 19,111 பேர். தொண்ணூறு ஆண்டுகளில் அறுபது மடங்குக்கு மேல் பெருகிய ஒரு சமூகம், அடுத்த எழுபது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கை இழந்துவிட்டது. அங்கே போர் நடக்கவில்லை, பஞ்சம் வரவில்லை, கொள்ளைநோய் ஊரைக் காலி செய்யவில்லை. உலகின் மிகப் பணக்கார நாட்டுக்குள், அந்த நாடு தன் செல்வத்தின் உச்சியில் இருந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது. எதனால் நடந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, மலை அப்படி. மற்றொன்று, மக்கள் அப்படி. இரண்டும் போதா என்பதும், அந்த மலை யார் கையில் இருந்தது என்பதே முதற்காரணம் என்பதும் என் வாதம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். அப்பலாச்சிய மலைத்தொடர் என்றதும் வரிசையாக எழுந்து நிற்கும் சிகரங்களை மனம் கற்பனை செய்யும். மெக்டவல் அப்படிப்பட்ட இடமன்று. அது அப்பலாச்சியப் பீடபூமியின் ஒரு பகுதி. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலக் காடுகளின் மேல் மணலும் சேறும் மாறி மாறிப் படிந்து, மணற்பாறையாகவும் களிப்பாறையாகவும் நிலக்கரியாகவும் அடுக்கடுக்காக இறுகின. பின்னர் அந்தப் பரப்பு மேலே உயர்த்தப்பட, ஆறுகள் அதை அறுத்து ஆழமான குறுகிய பள்ளத்தாக்குகளாக்கின. டக் ஃபோர்க், டிரை ஃபோர்க், எல்க்ஹார்ன் ஓடை ஆகியவை இந்த வேலையைச் செய்தவை. இவற்றின் நீரெல்லாம் பிக் சாண்டி ஆற்றில் சேர்ந்து ஒஹையோவுக்குப் போகிறது. இதனால் விளைந்தவை இரண்டு. சமவெளி என்று சொல்லத்தக்க நிலம் ஓடையோரத்துச் சிறு கீற்றுகளாக மட்டுமே கிடைக்கிறது. பாதை, வீடு, பள்ளி, கடை, ரயில் தடம் எல்லாமே அந்தக் கீற்றுக்குள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கவேண்டும். மற்றொரு விளைவு இதற்கு நேர்மாறானது. ஆறு மலையை வெட்டியதால் நிலக்கரிப் படுகைகள் மலைச்சரிவிலேயே வெளியே தெரிந்தன. ஆழக் கிணறு தோண்ட வேண்டியதில்லை. சரிவில் ஒரு வாயிலைத் திறந்து நேராக உள்ளே நடந்தாலே கரியை எட்டிவிடலாம். பயிர் செய்பவனுக்கு இவ்வளவு கஞ்சத்தனம் காட்டிய மலை, சுரங்கம் வைப்பவனுக்குக் கையை விரித்துக் கொடுத்தது.

ஆனால் அந்தக் கொடைக்கு உரியவர் யார் என்பது சுரங்கம் வருவதற்கு வெகு முன்பே முடிவாகத் தொடங்கியிருந்தது. 1790களில் அமெரிக்கப் புரட்சிக்கு நிதி திரட்டியவரான ராபர்ட் மோரிஸ் போன்ற பிலடெல்ஃபியா வணிகர்கள் தென்மேற்கு வர்ஜீனியாவின் மலைக்காடுகளில் பல லட்சம் ஏக்கரைப் பட்டாவாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த மலைகளை அவர்கள் கண்ணால் பார்த்தது இல்லை. அந்தக் காட்டுக்குள் வந்து குடியேறிய குடும்பங்களோ மக்காச்சோளம் விதைத்து, பன்றிகளைக் காட்டில் மேயவிட்டு, வேட்டையாடி வாழ்ந்தன. 1858இல் டேஸ்வெல் கவுண்டியிலிருந்து பிரித்து மெக்டவல் உருவாக்கப்பட்டது. வர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் மெக்டவலின் பெயர் அதற்கு இடப்பட்டது. உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானபோது இந்தக் கவுண்டியும் அதனோடு சேர்ந்தது. அதன்பிறகும் இருபது ஆண்டுகள் பெரிதாக எதுவும் மாறவில்லை. 1880இல் மக்கள்தொகை 3,074 மட்டுமே. வழிவழியாக அனுபவித்து வந்தாலும் உறுதியான பத்திரம் இல்லாத குடும்பங்களிடமிருந்தும், பத்திரம் இருந்தும் நிலத்துக்கு அடியில் கிடப்பதன் மதிப்பு தெரியாத குடும்பங்களிடமிருந்தும், அடுத்த சில ஆண்டுகளில் நிலமும் கனிம உரிமையும் கைமாறின. மேலே உழுதவர் ஒருவர், கீழே இருந்ததற்கு உரியவர் வேறொருவர் என்ற நிலை இப்படித்தான் உருவாயிற்று.

நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் பாதை 1883இல் மாநில எல்லைக்கு அப்பால் வர்ஜீனியாவிலுள்ள போகஹான்டஸ் ஊரை அடைந்து அங்கிருந்து கரியைக் கடற்கரைக்குக் கொண்டுபோகத் தொடங்கியது. 1888இல் மலையைக் குடைந்து எல்க்ஹார்ன் குகைப்பாதையை முடித்ததும் ரயில் மெக்டவலுக்குள் நுழைந்தது. 1892இல் அந்தப் பாதை ஒஹையோ வரை நீண்டது. அதே ஆண்டில் கவுண்டியின் தலைமையிடம் ரயில் தொட்ட வெல்ச் நகரத்துக்கு மாறியது. அங்கே கிடைத்த போகஹான்டஸ் 3ஆம் எண் படுகையின் கரி சாதாரணக் கரியன்று. எரியும்போது மிகக் குறைவாகவே புகைவதால் அமெரிக்கக் கடற்படை அதைத் தேடி வாங்கியது. எஃகு உருக்குவதற்கான கோக் செய்யவும் அது மிகச் சிறந்தது. 1901இல் ரயில் நிறுவனமே பெருமளவு கரிநிலத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டில் பிறந்த யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் அதிலிருந்து பெரும் பரப்பைக் குத்தகைக்கு எடுத்து, 1902 முதல் கேரி என்ற ஊரையும் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் எழுப்பியது. அந்த ஊரின் பெயர் நிறுவனத் தலைவர் எல்பர்ட் கேரியுடையது. கிம்பால் என்ற ஊரின் பெயர் ரயில் நிறுவனத் தலைவர் ஃபிரடெரிக் கிம்பாலுடையது. ஊர்ப்பெயர்களைப் படித்தாலே உடைமையாளர் பட்டியல் கிடைத்துவிடும்.

கரிக்குப் பின்னால் மக்கள் வந்தார்கள். 1890இல் 7,300, 1900இல் 18,747, 1910இல் 47,856, 1920இல் 68,571, 1930இல் 90,479 என்று எண்ணிக்கை ஏறியது. வந்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வர்ஜீனியா, கரோலினா, அலபாமா பகுதிகளிலிருந்து கறுப்பின மக்கள் வந்தார்கள். இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் போலந்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். யூத வணிகர்கள் கடை வைத்தார்கள், கீஸ்டோன் என்ற சிறிய ஊரில் யூத வழிபாட்டுக் கூடமும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ கறுப்பினத்தவர். தென் மாநிலங்களில் அவர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்ட காலத்தில் இங்கே அவர்கள் வாக்களித்தார்கள், பதவிகளுக்கு வந்தார்கள். கீஸ்டோனிலிருந்து ‘மெக்டவல் டைம்ஸ்’ என்ற கறுப்பினச் செய்தித்தாள் வெளிவந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்கான நினைவுக் கட்டடம் 1928இல் கிம்பாலில் எழுந்தது, நாட்டிலேயே அவர்களுக்காக எழுந்த முதற் கட்டடம் அது. அதே ஆண்டில் மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர் மெக்டவலின் சார்பில் மாநிலச் சட்டமன்றத்தில் அமர்த்தப்பட்டார். அமெரிக்கச் சட்டமன்றம் எதிலும் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பள்ளிகள் மட்டும் இன வாரியாகப் பிரிந்தே கிடந்தன. அந்த அநீதியை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும், உலகத் தொடர்பற்று மலைக்குள் அடைபட்டுக் கிடந்த மக்கள் என்ற சித்திரம் மெக்டவலின் உச்சக் காலத்துக்குச் சற்றும் பொருந்தாது.

அந்த வாழ்க்கை யார் நிலத்தில் நடந்தது? வீடு நிறுவனத்துடையது. கடை நிறுவனத்துடையது. மருத்துவருக்குரிய தொகை கூலியிலேயே பிடிக்கப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். தொழிற்சங்கம் அமைக்க முயன்றவர்களை ஒடுக்க பால்ட்வின்–ஃபெல்ட்ஸ் என்ற துப்பறியும் நிறுவனத்தின் ஆயுதம் தாங்கிய ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். 1921 ஆகஸ்ட் 1 அன்று, தொழிலாளர் பக்கம் நின்ற காவல் அதிகாரி சிட் ஹாட்ஃபீல்டும் அவர் நண்பர் எட் சேம்பர்ஸும் வெல்ச் நீதிமன்றப் படிக்கட்டில், பட்டப்பகலில், அந்த நிறுவனத்தின் ஆட்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்தக் கொலை மூட்டிய கோபமே சில வாரங்களில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்களை ஆயுதத்தோடு அதே மாநிலத்திலுள்ள பிளேர் மலையை நோக்கி நடக்கவைத்தது. அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றின் மிகப் பெரிய ஆயுதக் கிளர்ச்சி அது. அது அடக்கப்பட்ட பிறகு, 1933இல் ரூஸ்வெல்ட் அரசு சங்கம் சேரும் உரிமையைச் சட்டமாக்கிய பின்புதான் அந்தப் பகுதியில் சங்கம் காலூன்றியது. சங்கம் வந்ததும் கூலி உயர்ந்தது, வாழ்வு நிமிர்ந்தது. ஆனால் நிலத்தின் மீதான உரிமை எள்ளளவும் இடம் மாறவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இங்கே இருக்கிறது. தொழிலாளர்கள் தங்கள் உழைப்பின் விலைக்குப் பேரம் பேசும் உரிமையைப் பெற்றார்கள். தாங்கள் வாழும் இடத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் உரிமையைப் பெறவில்லை.

1950இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் கரி முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். சுரங்கங்களில் இயந்திரங்களைத் தடையின்றி இறக்கலாம், அதற்கு ஈடாகத் தோண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் தொழிலாளர் நல நிதிக்கு ஒரு தொகை போகும் என்பது அதன் சாரம். வெட்டுவதையும் அள்ளுவதையும் ஒருசேரச் செய்யும் இயந்திரங்கள் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தன. ரயில்கள் டீசலுக்கும், வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளர் எண்ணிக்கை 1940களின் இறுதியில் சுமார் 1,25,000. 1960களின் தொடக்கத்தில் அது 45,000க்கும் கீழே இறங்கியது. கரி உற்பத்தி அந்த அளவுக்கு விழவேயில்லை. மெக்டவலில் 1960இல் 71,359 பேர், 1970இல் 50,666 பேர். இருபதே ஆண்டுகளில் கவுண்டி ஏறத்தாழ பாதியாகிவிட்டது. 1960இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராக அங்கே வந்த ஜான் கென்னடி அந்த வறுமையை நேரில் கண்டார். பதவிக்கு வந்ததும் அவர் மீண்டும் தொடங்கிவைத்த, ஏழைகள் உணவு வாங்க அரசு தரும் உணவு வில்லைத் திட்டத்தின் முதல் வில்லைகள் 1961 மே மாதம் வெல்ச் நகரத்துக் கடையொன்றில்தான் செலவிடப்பட்டன. நாட்டின் எஃகு ஆலைகளுக்குத் தீ மூட்டிய கவுண்டி, அந்தப் புதிய திட்டத்தில் நாட்டிலேயே முதலாவதாக உணவு வில்லைக்குக் கை நீட்ட வேண்டியதாயிற்று.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு நிலவியலாளர்களுடையது. செங்குத்தான மலை, குறுகிய பள்ளத்தாக்கு, சமநிலமின்மை, அடிக்கடி வரும் வெள்ளம்: இப்படிப்பட்ட இடத்தில் கரியைத் தவிர வேறு பிழைப்புக்கு வழியில்லை, கரி குறைந்தால் மக்களும் குறையத்தான் செய்வார்கள் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2001 ஜூலையிலும் 2002 மே மாதத்திலும் 2025 பிப்ரவரியிலும் வந்த வெள்ளங்கள் அந்தப் பள்ளத்தாக்கு ஊர்களைப் புரட்டிப்போட்டன. கீற்று நிலத்தில் கட்டிய ஊருக்குத் தண்ணீர் ஏறினால் ஒதுங்க இடமில்லை. ஆனால் மலை 1860இலும் இதே மலைதான், 1950இலும் இதே மலைதான். மாறாத ஒன்றைக் கொண்டு மாறிய ஒன்றை விளக்க முடியாது. 1970களைப் பாருங்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியால் கரியின் விலை ஏறியது. அந்தப் பத்தாண்டில் கவுண்டி இழந்தது ஆயிரம் பேருக்கும் குறைவு: 1980இல் 49,899 பேர். அதற்கு முந்தைய பத்தாண்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்த அதே பள்ளத்தாக்குகள்தாம் இவை. பின்னர் 1986இல் யு.எஸ். ஸ்டீல் கேரியிலுள்ள சுரங்கங்களை மூடியது. 1990இன் கணக்கு 35,233 என்று காட்டியது. மக்கள் வந்ததும் தங்கியதும் போனதும் மலையின் சரிவைப் பொறுத்து நடக்கவில்லை. பிட்ஸ்பர்க், பிலடெல்ஃபியா போன்ற நகரங்களின் நிறுவன அலுவலகங்களில் எடுக்கப்பட்ட முடிவுகளைப் பொறுத்தே நடந்தன.

கரிக்கு மாற்று ஏன் வரவில்லை என்று நிலவியலாளர் மேலும் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாற்றுத் தொழிலுக்கு நிலம் வேண்டும். சமநிலம் அரிது என்பது பாதி உண்மை. இருக்கும் நிலமும் விற்பனைக்கு வராதது என்பது மற்ற பாதி. அப்பலாச்சிய நில உடைமை ஆய்வுக் குழு 1981இல் வெளியிட்ட பெரும் ஆய்வு ஆறு மாநிலங்களில் 80 கவுண்டிகளின் நிலப் பதிவுகளைப் புரட்டியது. ஆராய்ந்த மேற்பரப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கும், கனிம உரிமையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும் வெளியே வாழ்பவர்களிடம் இருந்ததை அது காட்டியது. உள்ளூர்க் குடிமக்களும் சேர்ந்து பதிவேடு பதிவேடாக எழுதியெடுத்து உருவாக்கிய ஆய்வு அது. கரி நிறுவனத்துக்கு நிலம் என்பது அடியிலுள்ள கரிக்கான உறை. அந்த உறையை ஒரு பண்ணைக்கோ பட்டறைக்கோ குடியிருப்புக்கோ துண்டு போட்டு விற்பதில் அதற்கு லாபமில்லை. நெடுஞ்சாலையின் கதையும் இதுவே. மாநிலங்களுக்கிடையேயான 77ஆம் எண் நெடுஞ்சாலை கிழக்கே மெர்சர் கவுண்டி வழியாகப் போய்விட்டது. மெக்டவலுக்கு வளைந்து நெளியும் இருவழிச் சாலைகளே மிஞ்சின. கரிக்கு ரயில் போதும். கரியல்லாத எல்லாவற்றுக்கும் சாலை வேண்டும். மலையைக் குடைந்து ரயில் விட 1888இலேயே முடிந்த நாட்டுக்கு, நூறாண்டு கழித்தும் அங்கே நல்ல சாலை போட முடியாமற்போனதற்குப் பாறையைக் குற்றம் சொல்ல இயலாது.

இரண்டாவது மறுப்பு மக்களைக் குறிவைப்பது. மலைவாசிகள் பழமையில் ஊறியவர்கள், முயற்சியற்றவர்கள், உதவித்தொகைக்குப் பழகிவிட்டவர்கள், போதைக்கு அடிமையானவர்கள் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரு நூற்றாண்டாக எழுதிவருகின்றன. இதற்கும் எண்களே விடை சொல்லும். 1950இல் கவுண்டியில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் பல தலைமுறை மலைவாசிகள் அல்லர். கடல் தாண்டியும் மாநிலம் தாண்டியும் வேலை தேடி வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். முயற்சியற்றவர் எவரும் இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து கப்பலேறி நிலத்தடியில் வேலை செய்ய வரமாட்டார். 1940 ஜனவரியில் பார்ட்லி சுரங்க வெடிவிபத்தில் 91 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் மற்றவர்கள் மறுபடி உள்ளே இறங்கினார்கள். கோல்வுட் என்ற சுரங்க ஊரின் பள்ளி மாணவர்கள் 1950களின் இறுதியில் ராக்கெட் செய்து பறக்கவிட்டார்கள், அவர்களுள் ஒருவரான ஹோமர் ஹிக்கம் பின்னாளில் நாசாவில் பொறியாளரானார். திறமைக்கு அங்கே பஞ்சமில்லை. அந்தத் திறமை தங்கிப் பிழைக்க இடமில்லாததால் வெளியேறியது. இளையவர்களும் பயின்றவர்களும் முதலில் போக, முதியவர்களும் சுரங்கத்தில் உடல் நொறுங்கியவர்களும் பின்தங்கினார்கள். உடைந்த முதுகுக்கும் கரித்தூள் அடைத்த நுரையீரலுக்கும் வலிமருந்தே வைத்தியமாக எழுதித் தரப்பட்ட ஊரில் அந்த மருந்தே பின்னர் கொல்லும் போதையாயிற்று. ஒரு கட்டத்தில் அங்கே ஆண்களின் சராசரி ஆயுள் 64 ஆண்டுகளை ஒட்டி இறங்கியது, நாட்டிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று அது. இது இழப்பின் விளைவு. விளைவை எடுத்துக் காரணத்தின் இடத்தில் வைப்பது ஆராய்ச்சி ஆகாது, பழிபோடுவது ஆகும்.

மூன்றாவது மறுப்பு அரசியல் மேடைகளில் அதிகம் கேட்பது. சுற்றுச்சூழல் சட்டங்கள் கரியைக் கொன்றன, அவற்றை நீக்கினால் ஊர் பிழைக்கும் என்பது. காற்று மாசுக்கு எதிரான முக்கியமான கூட்டாட்சிச் சட்டம் வந்தது 1970இல். அந்த ஆண்டின் கணக்கெடுப்பிலேயே மெக்டவல் தன் மக்களில் ஏறத்தாழ பாதியை இழந்து முடித்திருந்தது. வராத சட்டத்தால் எவரும் வெளியேறியிருக்க முடியாது. மேலும் மெக்டவலின் சிறப்பே எஃகுக்கான கரி. அது இன்றும் தோண்டப்படுகிறது, இன்றும் நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறுகிறது. கரி இருக்கிறது, வாங்குவோர் இருக்கிறார்கள், ஆனால் அதைத் தோண்ட முன்போலப் பல்லாயிரம் கைகள் தேவையில்லை. அப்படியானால் இயந்திரங்களே வந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. பார்ட்லியில் இறந்த 91 பேரை நினைத்தால், மனித உடலை நிலத்தடியிலிருந்து வெளியே எடுக்கும் எந்த இயந்திரமும் நல்லதே. இயந்திரம் மிச்சப்படுத்திய உழைப்பின் பயன் யாருக்குப் போனது என்பதே கேள்வி. நல நிதியின் வழியே ஒரு பங்கு ஓய்வுபெற்ற தொழிலாளருக்குப் போனது, அது லூயிஸின் சாதனை. பங்குதாரருக்கு ஒரு பங்கு போனது. தொண்ணூறாயிரம் பேரைத் தாங்கிய ஊர்களுக்கு, அவற்றின் பள்ளிகளுக்கும் குழாய்களுக்கும் சாலைகளுக்கும், எந்தப் பங்கும் ஒதுக்கப்படவில்லை.

நான்காவது மறுப்பு இவற்றுள் வலுவானது. கரி நிறுவனங்கள் இல்லாவிட்டால் அங்கே ஊரே இருந்திருக்காது, வீடும் பள்ளியும் மருத்துவமனையும் கட்டியவை அவையே, தாம் கட்டியதை விட்டுப்போக அவற்றுக்கு உரிமையில்லையா என்பது. கட்டினார்கள் என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டியதன் செலவு கரியின் விலைக்குள் அடங்கியிருந்தது, அந்தக் கரியை வெட்டியவர்கள் அதே வீடுகளுக்கு வாடகையும் கொடுத்தார்கள். லாபத்தில் பெரும்பகுதி கவுண்டிக்குள் தங்கவில்லை. அருகிலுள்ள மெர்சர் கவுண்டியின் பிராம்வெல் என்னும் சிற்றூரில் கரி முதலாளிகள் எழுப்பிய மாளிகைகள் இன்றும் நிற்கின்றன, அதற்கு அப்பாற்பட்ட செல்வம் பெருநகரங்களுக்குப் போனது. இதைத் தடுத்து ஒரு பகுதியையாவது ஊரிலேயே நிறுத்த ஒரு வாய்ப்பு வந்தது. 1953இல் புதிதாகப் பதவியேற்ற ஆளுநர் வில்லியம் மார்லண்ட், நிலத்திலிருந்து எடுக்கும் கனிமத்தின் மீது டன்னுக்கு இவ்வளவு என்று தனி வரி விதித்து, அந்தப் பணத்தைப் பள்ளிக்கும் சாலைக்கும் செலவிட வேண்டும் என்றார். மெக்டவல் உச்சத்திலிருந்து சரியத் தொடங்கியிருந்த நேரம் அது. சட்டமன்றம் அதை நிராகரித்தது. கனிம எடுப்பு வரி அந்த மாநிலத்தில் 1987இல்தான் நடைமுறைக்கு வந்தது. கேரியின் சுரங்கங்கள் மூடி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. மேற்கே வயோமிங் மாநிலமும் மலையும் கரியும் உள்ளதுதான். அதன் வாக்காளர்கள் 1974இல் கனிம வருவாயில் ஒரு பகுதியை எடுக்க முடியாத நிரந்தர நிதியாக்க ஒப்புதல் அளித்தார்கள். இன்று அந்த நிதியில் பல நூறு கோடி டாலர் இருக்கிறது. ஆகவே வேறு வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. வழி இருந்தது, ஒரு மாநிலம் அதில் நடந்தது, மற்றொன்று மறுத்தது.

கடைசி மறுப்பு மென்மையான குரலில் வரும். மக்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டார்கள், டெட்ராய்ட்டிலும் கிளீவ்லாந்திலும் அவர்களின் பிள்ளைகள் நன்றாக வாழ்ந்தார்கள், மிச்சமுள்ளவர்களும் புறப்பட்டுவிட்டால் துயரம் தானே முடிந்துவிடும் என்பது. இடம்பெயர்வதைக் குறை சொல்ல எனக்கு எந்த நோக்கமும் இல்லை. மெக்டவல் உருவானதே இடம்பெயர்வால்தான். ஆனால் போகிறவருக்குச் சுமை இறங்கும்போது இருப்பவருக்குச் சுமை ஏறுகிறது. லட்சம் பேருக்காகப் போட்ட குடிநீர்க் குழாயைப் பத்தொன்பதாயிரம் பேர் பராமரிக்க வேண்டியிருக்கிறது. நிறுவனங்கள் விட்டுப்போன நூறாண்டுப் பழைய குழாய்கள் வெடிக்கின்றன, பல வீடுகளின் கழிவுநீர் நேராக ஓடையில் விழுகிறது. ஏறத்தாழ மூவரில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் ஊரில் வரி வசூலித்து இதையெல்லாம் சீர்செய்ய முடியாது. 2001இல் மாநில அரசு கவுண்டியின் பள்ளி நிர்வாகத்தையே தன் கையில் எடுத்துக்கொண்டது, 2013இல்தான் திருப்பித் தந்தது. 2005இல் கிம்பாலில் திறந்த வால்மார்ட் 2016இல் மூடப்பட்டது. 2020இன் 19,111 என்ற எண்ணிலும், 2010இல் திறந்த கூட்டாட்சிச் சிறையின் கைதிகள் அடக்கம். அதாவது உண்மையான ஊர் அந்த எண்ணைவிடவும் சிறியது. நூறாண்டுக்கும் மேலாக நாட்டுக்குக் கொடுத்த ஒரு சமூகத்திடம், இனி உன்னால் பயனில்லை, எழுந்து போ என்று சொல்வது பொருளாதாரக் கணக்காக இருக்கலாம். நீதியாக இருக்க முடியாது.

இந்த வரலாற்றிலிருந்து செய்ய வேண்டியவை மூன்று என்று எனக்குப் படுகிறது. முதலாவது, கனிமம் இருக்கும்போதே அதன் வருவாயில் ஒரு பங்கை அந்த இடத்தின் பெயரில் ஒதுக்கி வைக்கவேண்டும். தீர்ந்த பிறகு விதிக்கும் வரியால் பயனில்லை. இரண்டாவது, பயன்படாமல் கிடக்கும் நிறுவன நிலம் உள்ளூர் மக்களின் கைக்கு வர வழி செய்யவேண்டும். வெள்ளம் தொடாத உயரத்தில் வீடு கட்டவும், காடு வளர்க்கவும், சிறுதொழில் வைக்கவும் இடமில்லாமல் எத்தனை திட்டம் தீட்டினாலும் அது காகிதத்திலேயே நிற்கும். இன்று அங்கே மலைப்பாதை வண்டிச் சுற்றுலா ஓரளவு வருவாய் தருகிறது. அந்தப் பாதைகளும் பெரும்பாலும் நில நிறுவனங்களின் அனுமதியில் ஓடுபவை. மூன்றாவது, இருக்கும் பத்தொன்பதாயிரம் பேருக்கு நல்ல குடிநீரும் மருத்துவரும் ஆசிரியரும் கிடைப்பதை உதவி என்று கருதாமல் திருப்பித் தரவேண்டிய கடனாகக் கருதவேண்டும். கூட்டாட்சி அரசு இதுவரை கொடுத்த உணவு வில்லையும் உதவித்தொகையும் உயிரைக் காத்தன, அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவை மாதம் தீர்ந்தால் தீர்ந்துவிடுபவை. நிலமும் நிதியும் மட்டுமே அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்.

பூமிக்கடியில் செல்வமுள்ள மலைகள் உலகெங்கும் இருக்கின்றன, அவற்றின் மேல் மக்களும் வாழ்கிறார்கள். சுரங்கம் திறக்கும்போது எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்ற கேள்வி எங்கும் கேட்கப்படுகிறது. மெக்டவல் நம்மைக் கேட்கச் சொல்லும் கேள்விகள் வேறு. நிலப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? வருவாயில் எவ்வளவு இங்கே தங்கும்? சுரங்கம் மூடும் நாளில் முடிவெடுக்கும் அவையில் இந்த ஊரார் ஒருவராவது இருப்பாரா? இந்த மூன்றுக்கும் தொடக்கத்திலேயே எழுத்தில் விடை வாங்கிக்கொண்ட மலை பிழைக்கும். வாங்காத மலையில் வேலை எவ்வளவு பெருகினாலும், மக்கள் எவ்வளவு உழைத்தாலும், கணக்கெடுப்பு அட்டவணை ஒருநாள் கீழ்நோக்கித் திரும்பும். மெக்டவலின் 98,887 பேருக்கு அந்தக் கேள்விகளைக் கேட்கும் இடமே தரப்படவில்லை. அந்த இடத்தை மக்களுக்குப் பெற்றுத் தருவது சட்டத்தின் வேலை, அதைச் சட்டத்திடம் கேட்டு வாங்குவது நம் போன்ற குடிமக்களின் வேலை.